கிற்றாருக்கு பிக்அப் பூட்டுதல்: துளை போடமுன் சில யோசனைகள்



கணக்கெழுதுகிறவன் கிற்றாரைப் பற்றிப் பேச ஏன் வந்தான் என்று சிலர் யோசிக்கக்கூடும். வார நாளில் பற்றுவரவு, வார இறுதியில் இந்த ஒலிவாங்கி. ஒலிவாங்கியோடு பழகியவன் என்ற ஒரே காரணத்தால், ஷார்ஜா, அஜ்மான் பக்கம் நம்மவர் வீட்டு விசேஷம் என்றால் வயர் சுற்றுகிற வேலையும் என் தலையில்தான் விழும். அப்படி விழுந்த ஒரு வேலையைப் பற்றியதுதான் இன்றைய உரை.

நண்பர் ஒருவரின் தகப்பனார் காலமாகி ஒரு வருடம். மன்னார்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பாடகர் குழுவோடு கிற்றார் வாசித்தவர். 1990இல் குடும்பத்தோடு படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தவர். சட்டி பானையை விட்டுவிட்டு, சாரத்தில் சுற்றிய கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் ஏறினார் என்று அவருடைய மனைவி இன்றும் பாதி கோபமாகவும் பாதி பெருமையாகவும் சொல்லுவார். அந்தக் கிற்றார் இப்போது ஷார்ஜாவில் மகன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆண்டு நினைவுக்கு மகன் அதை வாசிக்க வேண்டும், மண்டபத்தில் எண்பது பேருக்குக் கேட்க வேண்டும், கனடாவிலும் திருச்சியிலும் இருப்பவர்களுக்குப் போனிலும் கேட்க வேண்டும்.

"அண்ணை, பின்னாலை ஒரு ஓட்டை போட்டு பிக்அப் பூட்டித் தாங்கோவன்" என்றார் நண்பர்.

உள்ளே இருந்து தாயார் வந்தார். "தம்பி, முகாமிலை மழைக்கு ஒழுகின நேரமும் அவர் அதிலை ஒரு கீறு விழ விடேல்லை. ஓட்டை ஒண்டும் போடாதேங்கோ."

இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

முதலில், பிக்அப் எதற்கு, முன்னால் ஒரு மைக் வைத்தால் போதாதா என்ற கேள்வி. வானொலிக் கலையகத்தில் போதும். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரே, ஓரடி தள்ளி ஒரு நல்ல மைக்கை வைத்தால் வருகிற நாதத்துக்கு எந்த பிக்அப்பும் ஈடில்லை. ஆனால் மண்டபத்தில் அந்த மைக் ஏசியின் இரைச்சலையும், பிள்ளைகளின் ஓட்டத்தையும், ஒலிபெருக்கியில் இருந்து திரும்பி வருகிற சத்தத்தையும் சேர்த்தே வாங்கும். வாங்கியதை மறுபடி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அதுதான் நாம் எல்லோரும் காதைப் பொத்துகிற அந்த ஊளை. வாசிப்பவர் அரை அடி நகர்ந்தால் சத்தமும் போய்விடும்.

பிக்அப்பில் மூன்று வகையை அறிந்தால் போதும். முதலாவது காந்த வகை. ஒலித்துளையின் குறுக்கே பூட்டுவது. காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள்; மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1930களில் அமெரிக்காவில் மின் கிற்றாருக்காக வந்த அதே சூத்திரம்தான். இரண்டு திருகாணியோடு வேலை முடிந்துவிடும், ஊளையும் குறைவு. ஆனால் மரத்தின் குரலை அது கேட்பதில்லை, தந்தியை மட்டுமே கேட்கும். அதனால் மின் கிற்றாரின் சாயல் கொஞ்சம் வரும்.

இரண்டாவது, குதிரையின் மேல் தந்திகள் தங்கி நிற்கிற வெள்ளை எலும்புத் துண்டு இருக்கிறதல்லவா, அதற்கு அடியில் வைக்கிற பட்டை. இது பீசோ வகை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். உங்கள் குசினியில் டக் என்று தட்டிக் காஸ் அடுப்புப் பற்ற வைக்கிற லைட்டருக்குள் இருப்பதும் இதே சங்கதிதான். கிற்றாரில் இதைப் பிரபலமாக்கியவற்றில் முக்கியமானது ஒவேஷன் நிறுவனம். 1966இல் அதைத் தொடங்கிய சார்ல்ஸ் கமான் ஹெலிகொப்டர் செய்கிற முதலாளி. அதிர்வைப் பற்றி அறிந்தவர். ஹெலிகொப்டர் சத்தம் என்றால் நமக்கு வேறு ஞாபகங்கள் வரும், அது இருக்கட்டும்.

மூன்றாவதும் பீசோதான், ஆனால் சிறு தட்டுகளாக இருக்கும். முன்பலகையின் உட்புறம், குதிரைக்கு நேர் கீழே ஒட்டுவது. மரத்தின் குரல் இதில்தான் அதிகம் வரும், ஊளைக்கு இடம் கொடுப்பதும் இதுதான். பலகை எதைக் கேட்டாலும் நடுங்கும், ஒலிபெருக்கியைக் கேட்டும் நடுங்கும். வீணைக் கச்சேரிகளில் காண்டாக்ட் மைக் என்று வைப்பது இதன் உறவுதான். அது வீணையின் இயற்கை நாதத்தைக் கெடுக்கிறது என்ற வழக்கும் ரசிகர்களிடையே நெடுங்காலமாக உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், 1969இல் பிறந்து 2014இல் மறைந்தவர், இந்த வழக்கையே தாண்டிப் போனார். உட்கூடு உள்ள வாத்தியத்தை விட்டு, திண்மரத்தாலான மின் மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தியில் கமகத்தைக் கொண்டு வந்தார். அவரளவு கை இருந்தால் நாமும் அப்படிச் செய்யலாம்.

எங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது வகைக்கு எலும்பு இருக்கிற பள்ளத்தில் வயர் போக ஒரு சிறு துளையும், பட்டியை மாட்டுகிற பின்முளை இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் துளையும் வேண்டும். தாயார் சம்மதிக்க மாட்டார். ஆகவே காந்த வகை என்று நானாகவே தீர்மானித்தேன். போனில் நண்பரிடம் "சாதாரணக் கிற்றார்தானே?" என்று கேட்டேன். "ஓம், சாதாரணம்தான்" என்றார். 5 வீத வாட் வரியும் கட்டி வாங்கி, பூட்டி, அம்பிளிபயரைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார்த்தேன். தந்திகள் நைலோன். தடித்த மூன்றும் வெள்ளியாகப் பளபளத்தன, அவையாவது பேசும் என்று இன்னும் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தேன். உள்ளே நைலோன் நார், மேலே செப்புச் சுற்று. காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். முகாமில் குதிரை ஒரு பக்கம் கிளம்பியதாம். இரும்புத் தந்தி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், நைலோன் 40 கிலோ அளவில்தான். அதனால் தகப்பனார் பிற்காலத்தில் நைலோனுக்கு மாறியிருந்தார். ஒரு வவுச்சரில் கையெழுத்து இல்லையென்றால் திருப்பி அனுப்புகிற நான், பொருளைப் பாராமலே பிக்அப் வாங்கினேன். திறந்த பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, அவரில் பிழையில்லை. நட்டம் என் கணக்கில்.

மிஞ்சியது ஒட்டுகிற தட்டுகள். ஒட்டமுன் குதிரையைப் பாருங்கள். ஒரு விசிற்றிங் கார்டின் ஓரத்தைக் குதிரைக்கும் பலகைக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிக்அப்பை மறந்துவிட்டு முதலில் குதிரையைத் திருத்துங்கள். வளைகுடாவில் இது அடிக்கடி நடக்கும். வெளியே கடற்கரைக் காற்றின் ஈரம், உள்ளே ஏசியின் வறட்சி. மரம் ஒரே நாளில் ஊறியும் காய்ந்தும் போகிறது. ஓகஸ்ட் மாதத்தில் பூட்டிய காருக்குள் அரை நாள் விட்ட கிற்றாரின் பசை இளகித்தான் போகும். 45 முதல் 55 வீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். ஒரு சிறிய ஈரமானியை வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள், அது பிக்அப்பைவிட மலிவு.

தட்டுகளைச் சூப்பர் குளூவால் நிரந்தரமாக ஒட்டுவதுதான் முறை, சத்தமும் தெளிவாக இருக்கும். நான் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டினேன். உச்ச சுருதிகள் கொஞ்சம் மங்கும், ஆனால் கழற்றலாம். தந்திகளைத் தளர்த்தி, கையை ஒலித்துளைக்குள் விட்டு, சிறு கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துப் பார்த்து ஒட்டினேன். ஒட்டமுன் உட்பலகையை உலர்ந்த துணியால் துடையுங்கள், முப்பது வருடத் தூசியில் எந்தப் பசையும் நிற்காது. வயரை ஒலித்துளை வழியாக வெளியே எடுத்து, பலகையில் உரசாமல் மெதுவாகக் கட்டினேன். கண்ணாடியில் பார்க்கும்போது உள்ளே ஒட்டிய சீட்டின் ஓரத்தில் பேனையால் எழுதிய பெயரும் ஊரும் தெரிந்தன. நண்பர் அதை அதுவரை கண்டதில்லை. அன்றைய வேலை அரை மணி நேரம் நின்றது.

துளை போட்டே ஆகவேண்டிய புதுக் கிற்றார் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பின்முளைத் துளையை மின் துளைகருவியால் ஒரே மூச்சில் பெருப்பிக்காதீர்கள். கையால் சுழற்றுகிற ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள், சுற்றி மறைநாடா ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கிற்றாரை ஒரு வேலைத்தளத்தில் அவசரப்பட்டுத் துளைத்து, பக்கப் பலகை வெடித்துத்தான் திரும்பி வந்தது. எலும்புக்கு அடியில் பட்டை வைக்கும்போது, பட்டையின் தடிப்பளவு எலும்பின் அடியைத் தேய்த்துக் குறையுங்கள். கண்ணாடித் தட்டில் உப்புத்தாளை ஒட்டி அதில் தேய்த்தால் அடி மட்டமாக வரும். மட்டமில்லையென்றால் ஒரு தந்தி கத்தும், இன்னொன்று முனகும்.

இனிப் பலரும் விடுகிற பிழை. பீசோ வயரை நேரே மிக்சரில் செருகி, "சத்தம் தகரம் மாதிரி இருக்கு, பிக்அப் சரியில்லை" என்பார்கள். பிக்அப்பில் பிழையில்லை. பீசோ என்பது சிறு முதலோடு பெட்டிக்கடை நடத்துகிறவர் மாதிரி. வோல்ட் காட்டுவார், ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். அது பெரிய கம்பனி போல ஒரேயடியாகக் கடன் கேட்கும், கடைக்காரர் நொடிந்துபோவார். அப்போது முதலில் போவது தாழ்ந்த சுருதிகள். இடையில் 10 இலட்சம் ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீடு உள்ள ஒரு பிரீஅம்ப் வேண்டும். இடுப்பில் கொழுவுகிற சின்னப் பெட்டி, 9 வோல்ட் பற்றரி. அநேகமான பெட்டிகளில் வயரைச் செருகியதுமே பற்றரி வேலைசெய்யத் தொடங்கிவிடும். வாசித்து முடிந்ததும் வயரைப் பிடுங்காவிட்டால் அடுத்த வாரம் பற்றரி செத்திருக்கும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. இரைகிறது என்று மூன்று முனைப் பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிடுகிறவர்களை இங்கே நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இது 220 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம். தந்தியில் கையும் மைக்கில் உதடும் படுகிறபோது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அம்பிளிபயரையும் மிக்சரையும் ஒரே இடத்துப் பிளக்கில் இருந்து எடுங்கள், இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிப்ட் பொத்தானைப் பயன்படுத்துங்கள். எர்த்தைத் தொடாதீர்கள்.

நினைவு நாள் அன்று முதல் பாட்டின் நடுவிலேயே ஊளை பிடித்தது. ஆறாம் தந்தியின் மூன்றாம் மெட்டை அழுத்தும்போதெல்லாம் பிடித்தது. அது 98 ஹேர்ட்ஸ். பல கிற்றார்களின் கூடு தானாகவே விம்முகிற இடமும் அதையொட்டித்தான். மிக்சரில் அந்த இடத்தைக் கொஞ்சம் குறைத்து, பிரீஅம்ப்பில் பேஸ் பொத்தானை மாற்றிப் போட்டு, கதிரையை ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு முழம் இழுத்தேன். இரண்டாவது பாட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டில் நண்பர் நடுவில் நிறுத்திவிட்டார். அது வயரில் வந்த கோளாறு இல்லை. கொஞ்ச நேரத்தின் பின் கூட்டத்தில் இருந்தவர்கள் பாட்டை எடுத்தார்கள், அவர் திரும்ப வாசித்தார். திருச்சியில் இருந்து போனில் கேட்ட சித்தப்பா, "அண்ணன்ரை கிற்றார்தான், சத்தம் தெரியுது" என்றாராம். ஒட்டுநாடாவால் உச்ச சுருதி மங்கியதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

மறு வாரம் தட்டுகளைக் கழற்றினேன். தாயார் டோர்ச்சை வாங்கி உள்ளே பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் தேத்தண்ணி வந்தது.

அந்தத் தட்டுகளும் பிரீஅம்ப்பும் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கின்றன. பாவிக்காத காந்த பிக்அப் ஒன்றும் இருக்கிறது. இரும்புத் தந்தி போட்ட கிற்றார் உள்ளவர்கள் நிலையத்துக்கு அழைத்துச் சொன்னால் எதையும் இரவல் கொண்டு போகலாம். திருப்பித் தரும்போது பற்றரியைக் கழற்றிவிட்டுத் தாருங்கள்.