இசைத்தட்டுக்கும் இசைத்தட்டுக்கும் இடையில்

பாடலை எழுதியவர் கவிஞர்; பண்ணமைத்தவர் இசையமைப்பாளர்; பாடியவர் பாடகர். இம்மூவர் உழைப்பும் பதிந்த இசைத்தட்டைச் சுழலவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டொரு வாக்கியம் பேசியவரைக் கலைஞர் வரிசையில் வைக்கலாமா? வைக்கலாம் என்பதற்கு இலங்கை வானொலியின் எஸ்.பி. மயில்வாகனன் ஒருவரே போதிய சான்று.

அவர் குரல் காவிரிக்கரை வரை எட்டியதற்கு ஒரு தடையே காரணமாயிற்று. திருச்சிராப்பள்ளியில் 1939 மே 16 முதல் வானொலி நிலையம் இயங்கி வந்தது. ஆயினும் 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் செவிச்சுவையைக் கெடுப்பதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் சுருங்கியது. ஒலித்த பாடலுக்கும் படத்தின் பெயர் சொல்லப்படவில்லை. திரைப்பாடல் வேண்டியோர் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். அங்கே 1950 செப்டம்பர் 30 முதல் வர்த்தக ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தது. படைவீரர்க்காக ஏகலையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி, பின்னர் பாட்டுக்குப் பயன்பட்டது. போர்க்கருவிகளுக்கு இத்தகைய நற்பேறு வாய்ப்பது அரிது!

வர்த்தக ஒலிபரப்பின் தமிழ்ப் பிரிவில் முன்னோடி அறிவிப்பாளராக விளங்கியவர் மயில்வாகனன். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். ஒரு தட்டு அடங்கி அடுத்தது எழுவதற்குள் உள்ள நொடிகளே அறிவிப்பாளருக்குரியவை. படம், பாடியோர், விளம்பரம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். மூச்சு வாங்குவது கேட்கலாகாது. முடிந்த பாட்டின் சொல்லைப் பிடித்து அடுத்த பாட்டின் வாயிலில் கொண்டு சேர்ப்பார் என்பர் கேட்டோர். புலவர் இதனை அந்தாதி என்று எளிதில் அறிந்துகொள்வர். எழுதிவைத்துப் படிப்பவருக்கு இது கைகூடாது. தட்டுகளின் உள்ளடக்கம் மனப்பாடமாக இருப்பவருக்கே கூடும். அப்துல் ஹமீது பின்னாளில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ இதே மண்ணில் முளைத்த பயிர்.

பழைய தட்டுகளுக்கு உயிரூட்டும் இப்பணிக்கு அயல்நாட்டிலும் ஒப்புமை உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசைத்தட்டுகளுள், பிறந்த நாட்டிலேயே விலைபோகாதவை பல. அவற்றைத் தேடி எடுத்து, இங்கிலாந்தின் வீகன் நகரக் கேசினோவில் 1973 முதல் 1981 வரை விடிய விடிய ஒலிக்கச் செய்தனர் அங்குள்ள தட்டு அறிவிப்பாளர்கள். டெட்ராய்ட் மறந்த பாடகர்களை வடஇங்கிலாந்துத் தொழிலாள இளைஞர் போற்றினர். கொழும்பும் இதையே செய்தது. அரங்கில் நில்லாத படங்களின் பாடல்களும் அங்கே ‘நீங்கள் கேட்டவை’யிலும் ‘பொங்கும் பூம்புன’லிலும் நிலைபெற்றன.

இதில் திருவரங்கத்திற்கும் பங்குண்டு. இங்கு வளர்ந்து, திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதிவந்த ரங்கராஜன் என்ற இளைஞர், முருகன்மீது ஒரு பாடலை அஞ்சலட்டையில் எழுதி டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அவரே கவிஞர் வாலி. 1963இல் வெளிவந்த ‘கற்பகம்’ படத்தின் பாடல்கள் அனைத்தும் அவருடையவை. அம்மா மண்டபத்திற்கு அருகே பிறந்த சொல், சென்னையில் தட்டாகி, கொழும்பு சென்று, கடல் தாண்டித் திருவரங்கத் திண்ணைக்கே மீண்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, திருச்சி வழியே ஓடிய போட் மெயிலின் கடல்வழித் தொடர்பு அறுந்தது. வானொலித் தொடர்பு அறவில்லை.

இந்திய வானொலியும் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கித் தன் பிடிவாதத்தைத் தளர்த்தியது. எனினும் கொழும்பின் நேயர்கள் உடனே திரும்பிவிடவில்லை. பாட்டு இரண்டிடத்தும் ஒன்றே, பேச்சு வேறு.

அந்தப் பேச்சுதான் இன்று இல்லை. பாடல்கள் தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் மாறி இன்றும் ஒலிக்கின்றன. அவற்றை இணைத்த வாக்கியங்கள் எந்தத் தட்டிலும் பதியப்படவில்லை. மேடைப் பேச்சை அச்சேற்றி மலராக்கும் இலக்கிய வட்டத்தார்க்கு இவ்விழப்பின் அளவு தெரியும். உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அக்குரலை நாள்தோறும் கேட்டு வளர்ந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் நினைவிலிருக்கும் அறிவிப்புகளைச் சொன்னது சொன்னபடி எழுதி வாங்க ஒரு குறிப்பேடும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.