நெடுந்தீவில் ஒரு பானைக் கூழ்



நூற்றாண்டு விழாவிலே பேச அழைத்தபோது, மருத்துவத்தைப் பற்றியோ பெண் கல்வியைப் பற்றியோ ஏதாவது சொல்வோம் என்று ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் இந்த விழாவுக்கென வந்து கூடிய எங்கள் வகுப்புத் தோழியர் ஏழு பேரும் சென்ற வாரம் தீவுப்பகுதிக்குப் போய் இரண்டு நாள் நின்று வந்தோம். அங்கே கண்டதையும் உண்டதையும் இந்தச் சபையிலே சொல்வதுதான் பொருத்தம் என்று எழுவரும் கூடித் தீர்மானித்தோம். ஆகவே பேசும் வாய் ஒன்றானாலும் இதை எழுவரின் உரையாகவே கொள்ளுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து இருவர், லண்டனிலிருந்து ஒருவர், சிட்னியிலிருந்து ஒருவர், இலங்கையில் வாழ்பவர்கள் மூவர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஐந்து பேருக்கு மூக்குக்கண்ணாடி, இரண்டு பேருக்குப் பிறஷர், ஒருவருக்குச் சீனி வருத்தம். எழுவரில் இருவர் வைத்தியர்கள் என்றபடியால் மருந்துப் பெட்டிக்குக் குறைவில்லை. அந்தப் பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது தின்பண்டப் பெட்டி. பயற்றம் பணியாரம், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை என்று ஒருவர் விடாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரையும் இன்று பஸ்ஸிலேயே போகலாம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே கடலை ஊடறுத்துப் போகும் வாணர் தாம்போதியில் வாகனத்தை நிற்பாட்டி இறங்கினோம். இருபக்கமும் ஆழமில்லாத கடல், களங்கண்ணி வலைகள், ஒற்றைக் காலில் கொக்குகள். அந்தப் பாதைக்காக ஊருராய் அலைந்து பாடுபட்ட புங்குடுதீவுச் சகோதரர்களின் பெயரைத்தான் அது தாங்கி நிற்கிறது. ஊரவர் சிலர் ஒன்றை நினைத்து விடாப்பிடியாக நின்றால் கடலிலும் வழி பிறக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வடை முதலில் பிரிக்கப்பட்டதும் அங்கேதான்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடற்பயணம். மக்கள் வாழும் எங்கள் தீவுகளில் குடாநாட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அதுதான். படகிலே அரிசி மூடை, காஸ் சிலிண்டர், கோழித் தீன், ஒரு துவிச்சக்கரவண்டி, பாடசாலைக்குப் போகும் ஆசிரியர்கள், அவர்களுக்கு நடுவே நாங்கள். லண்டன் தோழிக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த ஆச்சி தன் மடியை அவிழ்த்து ஒரு தேசிக்காயை எடுத்து, "இதை மணந்துகொண்டு தூரத்தைப் பார் மோனை, வள்ளத்துக்குள்ள பாராதை" என்றார். மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அசையும் பொருளைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார் என்றுதான் நாங்களும் படித்தோம். ஆச்சி அதைப் படிக்காமலே அறிந்திருந்தார்.

மாவிலித் துறையில் இறங்கியதும் முதலில் குமுதினிப் படகு நினைவிடத்துக்குப் போய்ப் பூ வைத்தோம். 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட பயணிகள், கைக்குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாங்கள் அப்போது பாலர் வகுப்புப் பிள்ளைகள். நாங்கள் சற்றுமுன் சிரித்துக்கொண்டு வந்த அதே கடல்தான் அது. தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இந்த இடத்தில் ஐந்து நிமிடமாவது நின்றுவிட்டு அப்பாலே போவது நல்லது.

பார்த்த இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தீவெங்கும் முருகைக்கல்லால் அடுக்கிய வேலிகள். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல், கல்லுக்கு மேல் கல் வைத்து, காற்றுக்கு இடம் விட்டு எழுப்பியவை. குடாநாட்டில் கிடுகு வேலி கட்டிய எங்களுக்கு அது புதுமை. வைத்தியசாலைக்கு அருகே ஒல்லாந்தர் கோட்டையின் சிதைந்த சுவர்கள் நிற்கின்றன. அதுவும் முருகைக்கல்தான். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைப் பக்கம் லெய்டன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது. அவையெல்லாம் வழக்கொழிந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் நிற்கிறது. தூதுப் புறாக்களுக்கென அவர்கள் கட்டிய புறாக்கூடும் இருக்கிறது. "அந்தக் காலத்து வாட்ஸ்அப்" என்றாள் ரொறன்ரோத் தோழி.

ஆபிரிக்காவுக்கு உரிய பெருக்கமரம் ஒன்று அங்கே நிற்கிறது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்து வைத்தது என்று சொல்லப்படுகிறது. அதன் அடிமரத்துப் பொந்துக்குள்ளே எழுவரும் புகுந்து நின்றோம். பாடசாலைப் படிக்கட்டில் வகுப்புப் படம் எடுக்க நின்ற ஒழுங்கிலேயே, கட்டையானவர்கள் முன்னுக்கு. பின்னேரம் வெட்டவெளியில் குதிரைகளைக் கண்டோம். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பெருகி, பின்னர் கட்டுவாரில்லாமல் காட்டுக்குதிரைகளாகத் திரிபவை. கடும் வரட்சியில் தண்ணீரில்லாமல் அவை சாவதுண்டு. சுண்ணக்கல் தீவாகையால் மழைநீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் தங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். அதனால் தங்கப் போகிறவர்கள் குளிப்பை ஒரு வாளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். இரவு நாங்கள் தங்கியது விடுதியில் அல்ல, எங்கள் எழுவரில் ஒருத்தியின் தாய் வீட்டில். அவள் இன்று வவுனியாவில் கணித ஆசிரியை. தாயாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். பிள்ளைகள் எங்கெங்கோ கூப்பிட்டும் போகாமல் அந்த வளவிலேயே இருக்கிறார். நாங்கள் போனபோது முற்றத்தில் மூன்று கல் வைத்து, பெரிய மண்பானையில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒடியற் கூழ் காய்ச்சுவதை வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காக இங்கே பதிந்து வைக்கிறோம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட வேண்டும். கைப்பு அதனோடு போய்விடும். பானையில் கொஞ்ச அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. அவை வெந்து வரும்போது மீன், நண்டு, இறால். பிறகு அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, உப்பு. கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிக் கட்டிபடாமல் துழாவி, முருங்கையிலை போட்டு இறக்குவது. பலா இலையைக் கோலி, ஈர்க்குக் குத்திக் கையில் தந்தார்கள். பக்கத்தில் தேங்காய்ச் சொட்டு. இரண்டாம் முறையோடு போதும் என்று வைத்தியர் இருவரும் எல்லோருக்கும் சொன்னோம். சொன்ன எங்களுக்கே மூன்றாம் முறையும் வார்க்கப்பட்டது. சீனி வருத்தக்காரத் தோழிக்கு மட்டும் கிழங்கைத் தள்ளி, மீனும் நண்டும் இலையும் கூடுதலாகப் பார்த்து வார்த்தார் அம்மா. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"காணும் அம்மா, வயிறு வெடிக்கப் போகுது" என்றோம்.

"பேசாமல் குடியுங்கோ பிள்ளையள். ஆறு வருசம் என்ர பிள்ளைக்கு நீங்கள் சோறு போட்டனீங்கள். நான் ஒருநேரம் கூழ் காய்ச்சித் தாறதோ பெரிசு?"

இந்த உரையின் பொருள் அந்த ஒரு வசனத்துக்குள்ளே இருக்கிறது. எங்கள் தோழி 1990ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புக்கு எமது விடுதிக்கு வந்தவள். அந்த ஆண்டு நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் மூண்டது. தீவுக்கும் குடாநாட்டுக்கும் இடையே போக்குவரத்து அறுந்தது. பதினொரு வயதுப் பிள்ளை விடுதியில், தாய் தகப்பன் கடலுக்கு அப்பால். முதலாம் தவணை விடுமுறைக்குக் கடைசியாக வீட்டுக்குப் போய் வந்தவள் அடுத்துத் தாயின் முகத்தைப் பார்த்தது 1996இல். இடையில் வந்தவை செஞ்சிலுவைச் சங்கத்தினூடாக வந்த சில கடிதங்கள் மட்டுமே. குடும்பச் செய்தி தவிர வேறொன்றும் அவற்றில் எழுத முடியாது. தான் எழுதியனுப்பிய கடிதங்களை அம்மா இன்றைக்கும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறார் என்று அவள் அன்றிரவு எங்களுக்குக் காட்டினாள். "நல்லாய்ப் படிக்கிறன், நேரத்துக்குச் சாப்பிடுறன்" என்பதே எல்லாவற்றிலும் இருந்தது.

அந்த ஆறு வருடமும் அவளுடைய விடுதிக் கட்டணத்தைக் கேட்டு ஒரு துண்டுகூட எழுதப்படவில்லை. அது எந்தக் கூட்டத்திலும் பேசப்படவுமில்லை. அன்றைய அதிபரும் மேற்றனும் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வந்த பலகாரப் பொதிகளில் ஒரு பங்கு அவளுடைய றங்குப் பெட்டிக்குள் எப்படியோ போய்ச் சேரும். விடுமுறை வந்தால் எங்கள் வீடுகளில் முறை வைத்து நிற்பாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்களில் ஒருத்தியின் குடும்பத்தோடு அவளும் நடந்தாள். கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில், ஒரே தறப்பாளின் கீழ் அந்த மாரியைக் கழித்தார்கள். இதையெல்லாம் நாங்கள் உதவியென்று நினைத்துச் செய்யவில்லை. அன்றைக்கு அது வழமை. அம்மா கணக்கு வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலைப் படகில் திரும்பினோம். படகிலே ஒரு நிறைமாதப் பெண், உடுப்புப் பையோடும் தாயோடும். பிரசவத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆனாலும் நள்ளிரவில் நோக் கண்டு, சத்திரசிகிச்சை தேவைப்பட்டு, அன்றைக்குப் பார்த்துக் கடலும் குழம்பியிருந்தால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் முன்கூட்டியே யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் போய் இருக்கிறார்கள். அந்த முடிவு சரியானது என்று அவளுக்குச் சொன்னோம். என்ன அறிகுறி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். இது முதற்பிள்ளையோ என்று கேட்டோம். இல்லை, மூத்தவள் ஐந்தாம் வகுப்பு என்றாள். "அவள் டொக்டருக்குப் படிக்கப்போறாளாம். உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்கிறதெண்டால் கடல் தாண்டித்தானே வரவேணும்? எங்கை விடுறது?"

அன்று மதியம் நயினாதீவில் இறங்கி நாகபூசணி அம்மனைத் தரிசித்து, அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, ரசம், பாயாசம். யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சத் தூரத்தில் நாகவிகாரைக்கு வந்த சிங்கள யாத்திரிகர்கள் சிலரும் அதே பந்தியில் இருந்தார்கள். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று கருதுவோர் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ரீச்சர் நடத்திய பாடத்தை அங்கே ஆளுக்கொரு பாதியாக நினைவுபடுத்தினோம். மணிமேகலை கையில் அமுதசுரபி கிடைத்தது தீவிலே. அதைக் கொண்டுபோய்ப் பசித்தவருக்கு இட்டது கரைக்குத் திரும்பி வந்து. பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கிய விடயம்தான். பந்தியில் இருந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

அன்பான சகோதரிகளே, ஊர் திரும்பியதும் நாங்கள் விடுதிக்குப் போய் விசாரித்தோம். எங்கள் காலத்தில் ஒரு அறை நிறையத் தீவுப் பிள்ளைகள் இருந்தார்கள். இன்று இருப்பது இரண்டு பேர். கட்டில்கள் வெறுமையாக இருக்கின்றன. அனுப்ப விருப்பமில்லாமல் அல்ல, மாதச் செலவைத் தாங்க முடியாமல்தான் தாய்மார் அனுப்பவில்லை.

ஆகவே நாங்கள் ஏழு பேரும் ஒன்றைச் செய்கிறோம். தீவுப்பகுதியிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகளின் விடுதிச் செலவை அவர்கள் உயர்தரம் முடிக்கும்வரை ஏற்கிறோம். பணம் சங்கத்தின் கையில் இருக்கும். பிள்ளைகளைத் தெரிவது அதிபரின் பொறுப்பு. எந்தப் பிள்ளைக்கு யார் கொடுக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியவேண்டாம், பிள்ளைக்கும் தெரியவேண்டாம். எங்கள் தோழியின் கட்டணத்தைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்காத மாதிரியே இதுவும் நடக்கட்டும். மற்ற வகுப்பினரும் வகுப்புக்கு ஒரு பிள்ளை என்று சேர்ந்தால், அந்த அறை மறுபடியும் நிறையும்.

ஊருக்கு வரும்போது தீவுக்கும் போங்கள். ஒரு இரவாவது தங்குங்கள். அங்கே கிடைக்கும் பனங்கட்டியையும் புழுக்கொடியலையும் கருவாட்டையும் அங்கேயே காசு கொடுத்து வாங்குங்கள். பிளாஸ்ரிக் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது கூழ் வார்த்தால் காணும் என்று சொல்லாமல் குடியுங்கள்.

எங்கள் கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டு வாழ்க.