லாஸ்ட் நேம் இல்லாதவர்கள்

(பொன்னேரியில் கல்லூரி மாணவர்களுக்கு நடந்த இணையதள வடிவமைப்புப் பயிற்சியின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிவிட்டன. கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்தவர்கள், பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் என்று இருபது பேர். லேப்டாப் ஆறு பேரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் போனிலேயே கோட் அடித்தீர்கள். செய்தது மூன்றே வேலை: தன்னைப் பற்றி ஒரு பக்கம், ஒரு பதிவுப் படிவம், ஊருக்குப் பயன்படும் ஒரு பக்கம். நான் பேச விரும்புவது அந்தப் படிவத்தைப் பற்றி.

இணையதளம் கட்டப் பழகுகிற எல்லோரும் ஆரம்பத்திலேயே ஒரு படிவம் செய்துவிடுகிறார்கள். வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதுவோம்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், இமெயில், சப்மிட். ஒரு பெட்டிக்கு 'ரிக்கொயர்ட்' என்று சேர்த்துவிட்டால் அதை நிரப்பாமல் யாரும் மேலே போக முடியாது. நம் தோழி ஒருவர் தன் படிவத்தைத் தானே நிரப்பிப் பார்த்தார். லாஸ்ட் நேம் பெட்டியில் இனிஷியலைப் போட்டார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. "அண்ணா, நான் எழுதின ஃபார்ம் என்னையே உள்ள விடமாட்டேங்குது" என்றார்.

அன்று சிரித்தோம். ஆனால் அந்தப் பெட்டியில் போட நம்மிடம் ஒன்றும் இல்லாததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நம் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். அதனால் சாதி போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. தெருவில் இருக்கிறது, சுடுகாட்டில் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளின் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில் இருக்கிறது. பெயரிலிருந்து மட்டும் ஓரளவு இறக்கி வைத்தோம். அதையும் ஒரு டெம்ப்ளேட் திரும்பக் கேட்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவேன். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள், 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக இருந்தது.

டெம்ப்ளேட் எழுதியவர் சாதியை நினைத்து எழுதவில்லை. அவர் ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, அவ்வளவுதான். யோசிக்காமல் காப்பி அடிக்கும்போதுதான் நமக்குச் சிக்கல். முழுப் பெயரையும் ஒரே பெட்டியில் கேட்கலாமே என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே ஆலோசனை சொல்கிறது. நம் தோழி இரண்டு பெட்டியை ஒன்றாக்கினார். பிறகு தமிழில் பெயரை அடித்தார். மறுபடியும் பிழை! ஏ முதல் இசட் வரை மட்டும்தான் எழுத்து என்று விதி. சரி, எல்லா மொழி எழுத்தும் வரலாம் என்று மாற்றினால், அப்போதும் விடவில்லை. யூனிகோடு கணக்கில் நம் காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து அல்ல, குறிகள். அவற்றைத் தனியாகச் சேர்த்த பிறகுதான் அவர் பெயர் உள்ளே போனது. இதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. எனக்குப் பிடித்த ஞாயிறு அதுதான்.

இன்னொரு தோழர் கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு திருமணத் தகவல் தளத்தைக் கொண்டுவந்தார். யாரோ செய்ததை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற அதே தளம்தான். அதில் ஒரு சாதிப் பட்டியல், கீழே இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது ஒரு விவாதம் வந்தது: எந்தப் படிவத்திலும் சாதியே கேட்கக் கூடாது என்று சிலர் சொன்னீர்கள். நான் உடன்படவில்லை. கல்வி உதவித்தொகைப் படிவமும் சாதியைக் கேட்கிறது. 1951இல் சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் அடிபட்டு, அதன் பிறகு முதல் திருத்தம் வந்து, 15(4) என்று அரசியலமைப்பில் எழுதிப் பெற்ற உரிமை அது. இரண்டு படிவத்திலும் 'செலக்ட்' என்ற அதே டேக்தான். ஒன்று நம்மை வகுப்பறைக்குள் விடுவதற்காகக் கேட்கிறது, மற்றது வீட்டு வாசலில் நிறுத்துவதற்காகக் கேட்கிறது. கேட்டதை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதையும் கோட் எழுதுகிறவர்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. கம்பெனிக்குப் போனபின் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டால் அங்கே மேனேஜர் சொல்வதுதான் படிவம்.

அந்தத் தோழர் திருமணத் தளத்தைக் கைவிட்டார். மூன்றாவது பக்கத்தை இருளர் குடும்பங்களுக்காகச் செய்திருக்கிறார். பட்டியல் சாதிச் சான்றிதழ் தாசில்தாரிடம், பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடம் அல்லது சார் ஆட்சியரிடம் என்பதே பலருக்குத் தெரியாமல் பஸ் காசு போகிறது. எங்கே போக வேண்டும், என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும் என்று தமிழில் ஒரே பக்கம். படம் கிடையாது, இரண்டு கோடு சிக்னலிலும் திறக்க வேண்டும் என்பதற்காக. மேலே எழுதியிருந்த மொழி அடையாளத்தை 'இஎன்' என்பதிலிருந்து 'டிஏ' என்று மாற்றியிருக்கிறார், அப்போதுதான் படிக்கத் தெரியாதவருக்குப் போன் வாசித்துக் காட்டும்போது தமிழாகக் கேட்கும். பெயரோ சாதியோ ஆதார் எண்ணோ அந்தப் பக்கம் யாரிடமும் கேட்பதில்லை.

அதைத்தான் இப்போது அவர் திரையில் காட்டப் போகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் செங்கல் சூளை அம்மாக்கள் முன்னால் வந்து உட்காருங்கள், தப்பு இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.