பத்தாவது தடவை கேட்ட பாட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பனியன் ஊர்க்காரனுக்குக் கர்நாடக சங்கீதம் எதுக்குங்க? அதெல்லாம் நமக்கு ஏறாது" என்று நம்மில் பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்கள் பிறக்கும்போதே ஞானத்தோடு பிறந்தவர்கள் என்று ஒரு நினைப்பு. அது அப்படியில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

படிப்பு முடிந்து 1990களில் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே நிட்டிங் மெஷின் பார்த்த பெரியவர் ஒருவர், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், ஒரு கேசட் கொடுத்தார். பாடியவர் எம்.டி.ராமநாதன். 1923இல் பாலக்காட்டுச் சீமையில் மஞ்சப்பராவில் பிறந்தவர். பௌதிகப் பட்டதாரி. டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, சென்னை கலாக்ஷேத்திராவிலேயே ஆசிரியராகவும் இருந்தார். 1984இல் காலமானார். கனத்த குரல், ஆமை நடை. அந்த நிதானத்துக்காக உருகியவர்களும் உண்டு, பொறுமை இழந்தவர்களும் உண்டு.

கேசட்டில் இருந்தது தியாகராஜரின் 'சாமஜவரகமனா', ஹிந்தோள ராகம். முதல் தடவை எங்கே எடுக்கிறார், எங்கே முடிக்கிறார் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பெரியவரிடம் சொன்னேன். "வந்த அன்னிக்கே மெஷின் சத்தம் புரிஞ்சுதா தம்பி? தினம் கேளுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணை மட்டும் கவனிங்க" என்றார். புதிதாக வருகிறவருக்கு நிட்டிங் மெஷின் வெறும் இரைச்சல். அவருக்கோ, சத்தம் லேசாக மாறினாலே ஊசியில் ஏதோ கோளாறு என்று தெரியும். துணியில் கோடு விழுவதற்குள் ஓடிப்போய் நிறுத்துவார்.

அவர் சொன்னபடி முதலில் தாளம் மட்டும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. அடுத்து வரிகளைக் கவனித்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்த்துப் பாடுகிறார். இதற்குச் சங்கதி என்று பெயர். திரும்பக் கேட்கிற வேலையில் பாதியைப் பாட்டே செய்துவிடுகிறது பாருங்கள்!

ஒரு நாள் கம்பெனி ரேடியோவில் இளையராஜாவின் 'நான் தேடும் செவ்வந்திப்பூ' வந்தது. 1986இல் வந்த 'தர்மபத்தினி' படப் பாட்டு. எழுதிய கை நின்றுவிட்டது. அட, இதே வாசனைதானே கேசட்டிலும்! கேட்டால், அதுவும் ஹிந்தோளம்தானாம். ச, க, ம, த, நி என்று ஐந்தே ஸ்வரம். ரியும் பவும் கிடையாது. அன்று ராத்திரி கேசட்டைப் பத்தாவது தடவையோ என்னவோ போட்டேன். அந்த ஆமை நடையின் அர்த்தம் புரிந்தது. ஓடுகிற துணியில் தெரியாத இழை, செக்கிங் டேபிளில் விரித்தால் தெரியுமல்லவா? அதுமாதிரி ஒவ்வொரு ஸ்வரமும் அசைகிற அசைவை அவர் விரித்துக் காட்டுகிறார்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' முதன்முதலில் அரங்கேறியபோது சபையில் ஒரே கூச்சல், கேலி. அதே இசையை 1940இல் வால்ட் டிஸ்னி 'ஃபேன்டேசியா' கார்ட்டூன் படத்தில் சேர்த்துக்கொண்டார். இருபத்தேழு வருஷத்தில் இசை மாறவில்லை, காது பழகிவிட்டது.

எல்லாமே கேட்கக் கேட்கப் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பத்துத் தடவை கேட்டும் எனக்கு ஒட்டாத பாட்டுகள் உண்டு. ஆனால் கேட்ட பிறகு வேண்டாம் என்றால் அது என் ரசனை. அரை நிமிஷத்தில் தள்ளிவிட்டால் அது விரலின் ரசனைதான்.

மாணவச் செல்வங்களே, நாங்கள் கேசட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்டோம். உங்களுக்குப் போனிலேயே எல்லாம் இருக்கிறது. தள்ளிவிடுவதும் அதே அளவு சுலபம். ஒரே ஒரு பாட்டு, ஒரே பாடகர், இரண்டு வாரம். தினம் ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். முதலில் தாளம், அப்புறம் சங்கதி, அப்புறம் ராகம். நமக்கு ஏறுமா ஏறாதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வேறு யாரும் உங்களுக்காக முடிவு செய்ய விட்டுவிடாதீர்கள்.