ஊசிமுறை வைத்தியமும் அதன் எல்லையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அக்குபங்சர் என்னும் ஊசிமுறை வைத்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது சங்கக் காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் வைத்தியனல்லன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், இவ்வைத்தியத்தினால் நன்மையடைந்தவர் ஒருவரும், அதன் பெயரால் கேடடைந்தவர் ஒருவரும் என் குடும்பத்திலேயே உண்டு. முழங்கால் வலி தணிந்து நன்மையடைந்தவன் யானே. கேடடைந்தவர் என் தமக்கையின் கணவர். ஒரே விதமான ஊசியினால் இவ்விரண்டும் எவ்வாறு நேர்ந்தன என்று அறிய விரும்பிப் பல நூல்களைப் படித்தேன். அவற்றால் எனக்கு விளங்கியதையே இன்று தங்கள் முன் சமர்ப்பிக்கின்றேன்.

இவ்வைத்தியத்தின் தாயகம் சீன தேசமாகும். கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்னும் சிற்றரசனது கல்லறையை 1968-இல் தோண்டியபோது, பொன்னூசிகளும் வெள்ளியூசிகளும் அங்கே கிடைத்தன. ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’ என்று வழங்கும் பழைய சீன வைத்திய நூல், ‘சி’ என்னும் உயிர்ச்சக்தி தேகத்தில் பன்னிரண்டு முக்கியப் பாதைகளின் வழியே ஓடுகின்றதென்றும், அவ்வோட்டம் தடைப்பட்டால் நோய் உண்டாகின்றதென்றும், குறித்த புள்ளிகளில் ஊசியைச் செலுத்தித் தடையை நீக்கலாமென்றும் கூறுகின்றது. தற்காலத்தில் 361 புள்ளிகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. டச்சுக் கம்பெனியின் வைத்தியராக ஜப்பானில் இருந்த வில்லெம் டென் ரைனே என்பவர் 1683-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக ஐரோப்பியர் இதனை அறிந்தனர்.

பழமையானது என்ற காரணத்தினாலேயே இதனைச் சீனர்கள் எக்காலத்தும் போற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். 1822-இல் தாவோகுவாங் சக்கரவர்த்தி தமது அரண்மனை வைத்திய கழகத்தில் ஊசிமுறையைக் கற்பிக்கலாகாதென்று தடுத்துவிட்டார். 1950-களில்தான் அது அரசாங்க ஆதரவுடன் மீண்டும் தலையெடுத்தது. 1971-இல் பீக்கிங் நகரில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகாசிரியருக்குக் குடல்வால் அகற்றப்பட்டது. பின்னர் உண்டான வயிற்று உபாதைக்கு ஊசியிட்டார்கள். அவர் இதனைத் தமது பத்திரிகையில் எழுதவே, மேனாடெங்கும் பேச்சாயிற்று. ஊசியினாலேயே மயக்கி அறுத்தார்கள் என்று சிலர் சொல்லுவர், அது பிழை. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தே கொடுக்கப்பட்டது.

நமது தேசத்திற்கு இது வந்த விதமும் அறியத்தக்கது. 1938-இல், ஜப்பானுடன் போர் நடந்துகொண்டிருந்த சீனாவுக்கு உதவும் பொருட்டு, இந்தியாவிலிருந்து ஐந்து வைத்தியர்கள் சென்றனர். அவர்களில் கோட்னிஸ் என்பவர் 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார். மற்றொருவரான பாசு என்பவர் 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று, ஊசிமுறையைக் கற்றுத் திரும்பி, கல்கத்தாவில் அதனை வழங்கலானார்.

நிற்க. ஊசி எவ்வாறு வேலை செய்கின்றது? ‘சி’ ஓடும் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்தோர் எவரும் இதுவரை கண்டாரில்லை. நரம்பின் செய்கையோ நன்கு அறியப்பட்டது. மயிரிழை போன்ற மெல்லிய ஊசி தசையினுள் சென்றதும் ஒருவிதக் கனமும் மரமரப்பும் தோன்றும். அச்செய்தி நரம்பு வழியாக முதுகுத் தண்டிற்கும், அங்கிருந்து மூளைக்கும் செல்லுகின்றது. மூளையோ, அபினியைப் போல் வலியைத் தணிக்கும் எண்டார்பின் என்னும் பொருளைத் தானே சுரக்கின்றது. 1977-இல் மேயர் முதலிய ஆராய்ச்சியாளர், ஊசியினால் பல்வலி உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, அபினியின் செய்கையை முறிக்கும் நாலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, தணிந்த வலியுணர்ச்சி திரும்பிற்றென்று கண்டனர். 2010-இல், ஊசி குத்திய இடத்திலேயே அடினோசின் என்னும் பொருள் பெருகி வலியைக் குறைப்பதைச் சுண்டெலிகளிடம் கண்டறிந்தனர். ஆகவே, ஊசிக்குச் செய்கை உண்டென்பதில் ஐயமில்லை.

ஆனால் அச்செய்கை எவ்வளவு? ஜெர்மனி தேசத்தில் நீடித்த இடுப்புவலியுடைய 1,162 பேரை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். முதற்பகுதியினருக்குச் சாஸ்திரப்படி உரிய புள்ளிகளில் ஊசியிட்டார்கள். இரண்டாம் பகுதியினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். மூன்றாம் பகுதியினருக்கு மருந்து, தேகப்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சையை அளித்தார்கள். ஆறு மாதங்கழித்துப் பார்த்தபோது, முதற்பகுதியில் 100-க்கு 47.6 பேரும், இரண்டாம் பகுதியில் 44.2 பேரும், மூன்றாம் பகுதியில் 27.4 பேருமே குணங்கண்டிருந்தார்கள். இம்முடிவு 2007-இல் வெளியாயிற்று.

இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். ஊசியிட்டுக் கொண்டவர் மற்றவரினும் அதிகம் நலமடைந்தனர். எனினும் எந்தப் புள்ளியில் இட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2018-இல் 39 பரீட்சைகளில் கலந்துகொண்ட 20,827 பேரின் விவரங்களை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அப்போது உண்மை ஊசி போலி ஊசியைவிடச் சிறிது மேலாகவும், ஊசியே இடாமையைவிட நன்கு மேலாகவும் இருப்பது புலனாயிற்று. ஆக, பலனிற் சிறு பங்கு சாஸ்திரப் புள்ளியினுடையது. பெரும் பங்கு குத்துதலினாலும், வைத்தியரின் பரிவினாலும், அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதனாலும், நம்பிக்கையினாலும் வருவது. அதனால் அப்பலன் பொய்யாகிவிடாது. தணிந்த வலி தணிந்ததுதான்.

இனி, இவ்வைத்தியத்திற்குரிய இடம் யாது? நீடித்த இடுப்புவலி, கழுத்துவலி, முழங்கால் வலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றிற்கு இது உதவக்கூடும். அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு, முன்கையின் உட்புறத்தில் மணிக்கட்டு மடிப்புக்கு மேலே மூன்று விரற்கடையில் உள்ள புள்ளியைத் தூண்டுதல் பயன்படுகின்றதென்பது பல பரீட்சைகளின் முடிவு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க வைத்தியக் காப்புறுதி 2020 முதல் நீடித்த இடுப்புவலிக்கு 90 நாட்களில் 12 முறை வரை ஊசிச் செலவை ஏற்கின்றது. இங்கிலாந்தில் வைத்திய நெறிகளை வகுக்கும் நைஸ் என்னும் நிறுவனமோ, 2009-இல் இடுப்புவலிக்கு இதனை ஏற்றுப் பின் 2016-இல் விலக்கிற்று. 2021-இல், வேறு நோய் காரணமாகத் தோன்றாத நீடித்த வலிக்கு இதனை உபயோகித்துப் பார்க்கலாமென்றது. அறிஞரிடையே இன்றும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லையென்பது இதனால் விளங்கும். நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய், தொற்றுநோய் ஆகியவற்றை ஊசி குணப்படுத்துமென்பதற்கு மட்டும் நம்பத்தக்க சான்று கிடையாது.

இங்கேதான் என் அத்தானின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுடையவர். நாடோறும் இன்சுலின் போட்டுக் கொண்டு வந்தவர். பாதங்களில் எரிச்சல் தாங்காமல் ஊசிமுறை செய்யும் ஒருவரிடம் சென்றார். இரண்டு வாரத்தில் எரிச்சல் குறைந்தது. “நோய் வேரறுகின்றது, இனி மருந்தெல்லாம் விஷம், நிறுத்திவிடுங்கள்” என்றார் அவர். அத்தான் நிறுத்திவிட்டார். என் தமக்கை கண்ணீர் விட்டு வேண்டியும் கேட்கவில்லை. யானோ, என் முழங்கால் தேறிய மகிழ்ச்சியில், “ஊசியில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது, அக்கா” என்று சொல்லி வாளாவிருந்தேன். அப்பால் காலிற் சிறு புண் உண்டாயிற்று. எரிச்சல் அடங்கியிருந்தமையால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று என் தமக்கை என்னைப் பார்த்த பார்வையை யான் இன்றும் மறந்தேனில்லை.

வலி என்பது காவற்காரன் அடிக்கும் மணி. ஊசி அந்த மணியோசையை அடக்க வல்லது. வீட்டினுள் புகுந்த திருடனைப் பிடிக்க வல்லதன்று. என் முழங்காலைப் பொறுத்தவரை, டாக்டர் முன்னரே படம் பிடித்துத் தேய்மானம் என்று கண்டு சொல்லியிருந்தார். அதனால் ஓசையை அடக்கியதில் தீங்கில்லை. அத்தானுக்கோ திருடன் உள்ளேயே இருந்தான்.

ஆதலால் நம் சங்கத்துக் குடும்பத்தார் மூன்று விஷயங்களை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். முதலாவது, ஊசிக்குச் செல்லுமுன் நோயின் காரணத்தை டாக்டரிடம் அறிந்துகொள்ளுங்கள். மார்வலி, திடீரென வரும் கடுந்தலைவலி, கைகால் வழங்காமை, காய்ச்சலோடு கூடிய முதுகுவலி ஆகியவற்றிற்கு உடனே ஆஸ்பத்திரியை நாட வேண்டும்.

இரண்டாவது, ஊசியிடுபவர் தக்க பயிற்சி பெற்றவர்தாமா என்று விசாரியுங்கள். ஒருமுறை உபயோகித்து எறியும் புதிய ஊசியையே ஏற்றுக்கொள்ளுங்கள். சுத்தமில்லாத ஊசியினால் கல்லீரல் அழற்சி பரவியதுண்டு; மார்பில் ஆழமாகக் குத்தி நுரையீரல் துளைபட்டதும் உண்டு. தேர்ந்தவர் கையில் இத்தகைய விபத்துகள் மிக அரியவை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், கர்ப்பிணிகளும், நீரிழிவினால் கால் உணர்ச்சி குன்றியவர்களும் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, “மருந்தை நிறுத்து” என்று எவரேனும் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராயினும், அந்த நாற்காலியை விட்டு எழுந்து வாருங்கள். மருந்தைக் கொடுத்த டாக்டரைத் தவிர வேறெவருக்கும் அவ்வதிகாரம் இல்லை.

என் அத்தான் இப்போது வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக் கொள்ளுகின்றார். கைத்தடி ஊன்றி, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். தமக்கு நேர்ந்ததைச் சபையில் சொல்லும்படி என்னைத் தூண்டியவரே அவர்தாம். வீட்டுக்குத் திரும்பியதும், மருந்தை நிறுத்திவிட்டவர் தங்கள் உற்றார் உறவினரில் எவரேனும் உண்டோ என்று விசாரித்தறியுங்கள். யான் வாளாவிருந்ததுபோல் தாங்கள் இருந்துவிட வேண்டாம்.