பிள்ளைகளோடு பெற்றோரும் கடல் கடந்தபோது

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆகஸ்ட் விடுமுறையில் எமது பாடற்குழு நாகபட்டினம் வழியாகத் தஞ்சாவூர் போய்ப் பாடி வந்ததை அறிவீர்கள். எப்படிப் பாடினார்கள் என்பதைப் பிள்ளைகளே சற்றுமுன் மேடையில் காட்டிவிட்டார்கள். ஆகவே மருந்துப் பையோடு துணைக்குப் போன நாம் பேச வந்தது பாட்டைப் பற்றியல்ல. கூட வந்த பெற்றோரைப் பற்றி.

பயண அறிவித்தல் போனதும் பல வீடுகளிலிருந்து வந்த மறுமொழி ஒன்றுதான்: "பிள்ளை வாறதெண்டால் நானும் வருவன்." சில ஆசிரியர்களுக்கு இது தலையிடியாகப் பட்டது. எமக்கு விளங்கியது. இந்தத் தாய்மாரிற் பலர் எம்மோடு படித்தவர்கள். மின்சாரமும் யாழ்தேவியும் இல்லாத தொண்ணூறுகளில், கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் எடுத்து, கிளாலியில் இரவில் வள்ளம் ஏறிய காலத்தில் வளர்ந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு சனத்துக்குள் பிள்ளையின் கையை விட்டால் என்ன நடக்கும் என்று கண்டவர்கள். அவர்களிடம் போய் "பயப்படாதேங்கோ" என்று எந்த வாயால் சொல்வது?

இருபத்திரண்டு பிள்ளைகள் போனார்கள். பதின்மூன்று பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ கூட வந்தார். மிச்சம் ஒன்பது பேருக்கு யாரும் வரவில்லை, காரணம் காசுதான்.

காங்கேசன்துறையில் காத்திருந்தபோதே அந்த ஒன்பது பேரும் தெரிந்துவிட்டார்கள். மற்றவர்கள் அம்மாவின் பையைத் திறந்து இடியப்பம் சாப்பிட, இவர்கள் ஒரு கரையில் பாட்டுக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே ஓர் ஒழுங்கு செய்தோம்: திரும்பி வரும்வரை எந்தத் தாயும் தன் பிள்ளைக்குப் பொறுப்பில்லை. ஒவ்வொருவருக்கும் வேறு ஒருவரின் பிள்ளை ஒன்றோ இரண்டோ. பொறுப்பாளர் பெயரைப் பிள்ளையின் அட்டையில் எழுதினோம்.

முகங்கள் கறுத்தன. "டொக்டர், என்ர பிள்ளைக்கு வீசிங் இருக்கு, நான்தான் பக்கத்தில நிக்கவேணும்" என்றார் ஒருவர். பம்ப் எங்கே என்று கேட்டோம். தன் கைப்பைக்குள் என்றார். தாய் ஒரு வானிலும் பிள்ளை மற்ற வானிலும் போகும்போது மூச்சு இழுத்தால்? பம்ப் பிள்ளையின் பைக்குள் போனது. எப்படிப் பாவிப்பது என்று பொறுப்புத் தாய்க்கும் காட்டினோம். பதினைந்து வயதுப் பிள்ளை தன் மருந்தைத் தானே வைத்திருக்கப் பழகவேண்டும் என்று கிளினிக்கில் எத்தனை தரம் சொல்கிறோம்! அது நடக்க ஒரு கடல் குறுக்கே வரவேண்டியிருந்தது.

நாகபட்டினத்துக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். ஓட்டத்துக்கு முன்பே வாந்தி மாத்திரை கொடுத்தும் பாதிப் பேர் சுருண்டுவிட்டார்கள். அன்று உண்மையான வைத்தியர், கரையோரக் கிராமமொன்றிலிருந்து காப்பை அடகு வைத்து வந்த ஒரு தாய். பிள்ளைகளைக் கப்பலின் நடுப்பக்கம் இருத்தி, போனைப் பறித்து வைத்து, "தண்ணியைப் பாக்காத, தூரத்து வானக் கோட்டைப் பார்" என்றார். மருத்துவப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எங்கள் சொல்லைக் கேளாத பிள்ளைகள் அவர் சொல்லைக் கேட்டார்கள். இரண்டாம் நாளே எல்லோருக்கும் அவர் அன்ரியாகிவிட்டார்.

தஞ்சாவூரில் 1779இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயத்தைப் பார்த்தோம். அந்த ஐயரிடம் வளர்ந்தவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார். எங்கள் ஊர்த் தேவாலயங்களில் பாடும் கீர்த்தனைகளிற் பல அவருடையவை. அவை பிறந்த ஊரில் அவற்றைப் பாடப்போகிறோம் என்றறிந்ததும் பிள்ளைகளின் குரலே மாறிவிட்டது.

அன்றிரவு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். 2009இல் கைக்குழந்தையாக இருந்தவள். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. கடவுச்சீட்டுக்குத் தகப்பனின் கையொப்பம் கேட்டபோது, தாய் எத்தனை படி ஏறி இறங்கினார் என்பது எமக்குத் தெரியும். பனடோலும் ஜீவனியும் நாம் கொடுத்தோம். விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தவர், காலையில் முகம் கறுத்த அதே வீசிங் பிள்ளையின் அம்மா. ஊரிலிருந்த தாயுடன் போனில் பேசினோம். எத்தனை டிகிரி, என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை. "பிள்ளைக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்?" என்றுதான் கேட்டார். பெயரைச் சொன்னோம். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி டொக்டர்" என்றார்.

சகோதரிகளே, அடுத்த பயணத்துக்கு நிதி சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தருவோம், தாய்மாரின் உல்லாசப் பயணத்துக்கு ஏன் தரவேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பெற்றோரும் வரவேண்டியதில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் போதும். ஆனால் அந்த ஒருவரை அடகுக்கடை தீர்மானிக்கக்கூடாது. விரும்பும் தாய்மாரின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். தெரிவாகும் ஏழு பேரின் செலவையும் சங்கம் ஏற்கட்டும். யார் யார் என்பது வெளியே தெரியவேண்டாம். கரையோரத் தாயின் காப்பை மீட்க வேண்டிய தொகையைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். வாசலில் மேசையில் படிவங்கள் உள்ளன. ஏழு பெயருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது.