சிற்றாறும் சமன் மீனும்

இலங்கையிலே சமன் என்றதும், கடைத் தட்டிலுள்ள தகரப்பேணியே பலர் நினைவுக்கு வரும். அப்பேணிகள் பலவற்றில் அடைபட்டிருப்பது சமன் அன்று, வேறொரு கடல்மீனேயாகும். அத்திலாந்திக் சமன் என்னும் மீனோ குளிர்நாட்டு ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே மீண்டு வந்து முட்டையிடும் இயல்பினது.

ஸ்கொத்லாந்திலே டீ நதியோடு கலக்கும் கேர்னொக் என்றோர் ஓடை உண்டு. ஏறத்தாழ 30 சதுர கிலோமீற்றர் நிலத்தின் நீரே அதில் வடிகின்றது. எனினும், 1966 ஆம் ஆண்டு முதல் அங்கே பொறிகள் அமைத்து, மேலேறும் தாய்மீன்களையும் கடலுக்கு இறங்கும் இளமீன்களையும் ஆராய்ச்சியாளர் எண்ணி வருவதால், அச்சிற்றோடை மீனியல் உலகிற் பெயர் பெற்றுவிட்டது.

இலையுதிர் காலத்தின் இறுதியிலே பெண்மீன் தன் வாலினாற் பரற்கற்களைக் கிளறிப் பள்ளம் செய்து, முட்டையிட்டு மூடுகின்றது. வசந்தத்திலே குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடையில் வாழ்ந்து, பின் வெள்ளிநிறம் பூண்டு கடலை நாடுகின்றன. கிறீன்லாந்துக் கடல்வரை சென்று இரைதேடும் மீன்களும் உள. மீளும்போது பிறந்த நீரின் வாசனையே அவற்றுக்கு வழிகாட்டி.

ஓர் ஓடை தாங்கக்கூடிய குஞ்சுகளுக்கு ஓர் எல்லை உண்டு. முட்டைகள் மிகுந்தால், இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டு எஞ்சியவை மடியும். முட்டைகள் அவ்வெல்லைக்குக் குறைந்தாலோ, இழக்கப்படும் ஒவ்வொரு தாய்மீனும் எதிர்காலச் சந்ததியை நேரே குறைத்துவிடும். பெரிய நதியிலே பத்து மீன்களின் இழப்புத் தெரியாது போகலாம். சிற்றாற்றிலோ அதுவே அவ்வாண்டின் விதைநெல்லாகும்.

இன்று கேர்னொக்குக்கு மீளும் தாய்மீன்கள் முற்காலத்தில் வந்தவற்றின் சிறு பங்கேயாகும். கடலுக்குச் செல்லும் நூறு மீன்களுள் ஐந்துகூடத் திரும்பாத நிலை இப்பொழுது பல ஆறுகளிற் காணப்படுகின்றது. 2023 டிசெம்பரில், பிரித்தானியாவின் சமன் இனம் அழியும் ஆபத்துள்ளது என இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அறிவித்தது.

கடலின் மாற்றத்தை ஆற்றங்கரையில் நிற்பவர் தடுக்க இயலாது. ஆயின், ஆற்றிலே செய்யத்தக்கன பல. பல ஆறுகளின் மீன்கள் ஒன்றாய்க் கலந்து செல்லும் கரையோரத்தில் வலைவீசுவோர், வளமுள்ள ஆற்றின் மீனையும் நலிந்த ஆற்றின் மீனையும் பிரித்தறிய மாட்டார். ஆகவே, 2016 இல் ஸ்கொத்லாந்து அரசு கரையோர வலைகளிற் சமன் கொள்வதைத் தடுத்தது. அன்றியும், ஒவ்வோர் ஆற்றையும் தனித்தனியே மதிப்பிட்டு மூன்று தரங்களாக வகுத்தது. மூன்றாம் தரத்து ஆறுகளிலே தூண்டிலிற் சிக்கும் சமன் ஒவ்வொன்றும் உயிரோடு நீரில் விடப்படல் வேண்டும்.

வெப்பமும் ஒரு பகையே. நீரின் வெப்பநிலை 23 பாகை செல்சியசைத் தாண்டினால் இளமீன்கள் துன்புறும். ஆதலின், நிழலற்ற மேட்டுநில ஓடைகளின் கரைகளிலே மரம் நடுகின்றனர். பயனிழந்த அணைகளை அகற்றி வழி திறப்பதும் இத்தகைய பணியே.

குஞ்சுகளைப் பண்ணையிற் பொரிக்கவைத்து ஆற்றில் விட்டாற் போதாதா எனச் சிலர் வினவுவர். பண்ணையிற் பிறந்தவை, ஆற்றிற் பிறந்தவற்றைப் போலத் தாக்குப்பிடிப்பதில்லை. மேலும், அப்பண்ணைக்கெனப் பிடிக்கப்படும் தாய்மீன்கள் ஏற்கெனவே மெலிந்த கூட்டத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஆகவே, பண்ணை இறுதித் துணையேயன்றி முதல் மருந்தன்று.

தந்தையும் பாட்டனும் மீன்பிடித்த ஆற்றிலே, கைக்கு வந்த மீனை மீண்டும் விடுதல் எளிதான செயலன்று. எனினும், ஸ்கொத்லாந்திலே இன்று தூண்டிலில் அகப்படும் சமன் மீன்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை உயிரோடு விடப்படுகின்றன. சட்டம் கட்டாயப்படுத்தாத ஆறுகளிலும் பலர் தாமே விட்டுவிடுகின்றனர். எத்தனை மீன் பிடிபட்டன என்று எண்ணிய காலம் சென்று, எத்தனை மீன் முட்டையிட எஞ்சின என்று எண்ணும் காலம் வந்துள்ளது. சிற்றாறுகளின் வாழ்வு அந்த இரண்டாவது கணக்கிலேயே தங்கியுள்ளது.